கொயினாவும் கஞ்சியும்: வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவின் வாழ்விலிருந்து



விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களுக்காக வீட்டையும் வயலையும் விட்டுப் புறப்பட்ட பல குடும்பங்களை மகாவலி 'சி' வலயத்தில் வரவேற்றது குளிர்காய்ச்சல்தான். மலைநாட்டில் வளர்ந்த உடலுக்கு மலேரியா பழக்கமில்லை. அதனால் 1980களில் அங்கே குடியேறியவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, யாரும் இடம்பெயராமலே, அதே காய்ச்சல் ஈரவலயத்துக் கிராமங்களைத் தேடி வந்தது. அந்தக் கதையிலிருந்தே ஒரு வைத்தியரின் அரசியல் வாழ்வை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆறு நிறைந்து ஓடும்போது கரையில் நீர் தேங்குவதில்லை. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலி, மா ஓயா, தெதுரு ஓயா ஆகியவற்றின் மணற்படுகைகளில் குட்டைகள் தோன்றின. வெயில் படும் தெளிந்த தேங்குநீரில்தான் மலேரியா நுளம்பு பெருகும். ஆறு ஓடினால் அதன் குஞ்சுகளை அடித்துச் சென்றுவிடும். அவ்வாண்டு ஆறு ஓடவில்லை. கேகாலையும் குருநாகலும் மிக மோசமாகத் தாக்கப்பட்டன. கண்டிப் பகுதியின் ஆற்றங்கரைக் கிராமங்களும் தப்பவில்லை. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்தால் வரும் கேகாலைப் பகுதியில் நிவாரண வேலைக்கு வந்த தொண்டர்களுள் ஒருவர் வைத்தியர் விக்கிரமசிங்க. 1901இல் மாத்தறை மாவட்டத்தின் அதுரலியவில் பிறந்தவர். கொழும்பிலும் இலண்டனிலும் மருத்துவம் படித்தவர். சர்வசன வாக்குரிமையின் கீழ் 1931இல் நடந்த முதல் தேர்தலில் மொரவக்க தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். நம் நாட்டுச் சட்டசபையில் அமர்ந்த முதல் இடதுசாரி என்று அவரைச் சொல்வார்கள். ஆகவே கேகாலைக்கு வந்தபோது அவர் மருந்துப் பெட்டியோடு சபை ஆசனமும் உள்ளவர். (திருச்சபைப் பத்திரிகையில் ஒரு கம்யூனிஸ்ட்டா என்று கேட்போருக்கு: அவருடைய தத்துவம் நம்முடையது அல்ல, ஆனாலும் அவர் கண்டறிந்ததை நாம் மறைப்பது நேர்மையாகாது.)

தொண்டர்கள் 'சூரிய மல்' இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். நவம்பர் 11இல் ஆங்கிலேயர் விற்ற பொப்பிப் பூவுக்கு எதிராக, நாம் பூவரசம் பூ என்று சொல்லும் மஞ்சள் பூவை விற்று வந்தவர்கள் இவர்கள். வைத்தியரின் மனைவி டொரீன், இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆங்கிலப் பெண்மணி, அவ்வியக்கத்தில் முன்னின்றார்.

கிராமங்களில் அவர்கள் கண்டது இதுதான். கொயினா கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். ஆனால் எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால் எதிர்த்து நிற்க உடலில் வலு இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர், தேங்காய் விலைகள் விழுந்து கூலியில்லை. வரட்சியால் நெல்லும் இல்லை. நுளம்பு வருமுன்பே பசி வந்துவிட்டது. அதனால் மருந்தோடு உணவும் கொடுக்கவேண்டியிருந்தது. மார்மைட் என்னும் ஈஸ்ட் சத்தைக் குளிசைகளாக உருட்டி ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அதே காலத்தில் வேறு பகுதியில் பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவுக்கு மக்கள் 'பருப்பு மகாத்மயா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1935 டிசம்பரில் இவர்கள் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரேராவும் பிலிப் குணவர்தனவும் வென்றார்கள். விக்கிரமசிங்க, தம் சொந்தத் தொகுதியான மொரவக்கவில், தோற்றார். சேவை செய்தால் வாக்குத் தானே வரும் என்று நம்புகிற நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அவர் சோர்ந்து விடவில்லை. கட்சி பிளவுபட்டது. 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி தோன்றியபோது அதன் முன்னணித் தலைவரானார். 1956இல் அக்குரஸ்ஸ மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1981இல் காலமானார்.

அவருடைய இன்னொரு எண்ணத்தையும் சொல்லாமல் விட முடியாது. தெற்கே நில்வளா, கிங் கங்கைகளின் நீரைத் திருப்பி வரண்ட பகுதிகளுக்குக் கொண்டு செல்லவேண்டும் என்று 1950களிலேயே வாதாடினார். வயல் பெருகினால் பசி போகும், பசி போனால் நோய் குறையும் என்பது வைத்தியரின் கணக்கு. கணக்கு தவறு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஆற்றைத் திருப்பும்போது நீருக்கடியில் போகிற தெல்தெனிய போன்ற ஊர்களில் வாழ்ந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது? இதை நம் வாசகர்கள்தான் கேட்க முடியும்.

மலேரியா இன்று இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது. ஆனால் புதுக் குடியிருப்புகளில் டெங்குவும் சிறுநீரக நோயும் உண்டு.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பகுதியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு, கடந்த மழைக்குப் பின் எந்தெந்த வீட்டில் காய்ச்சல் வந்தது, அந்த வீட்டில் அப்போது அடுப்பு எரிந்ததா, குடிநீர் எங்கிருந்து எடுத்தார்கள் என்று விசாரித்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிரதேச சபை உறுப்பினரையும் குடும்ப நல உத்தியோகத்தரையும் அதே கூட்டத்துக்கு அழைத்து, அந்தக் கொப்பியை அவர்கள் முன் திறந்து வையுங்கள்.