எஃப்.எம்மில் குறுக்கிடும் இலங்கை

மாலையானால் எங்கள் எஃப்.எம். நிலையத்தின் மேல் இலங்கை நிலையம் ஏறிவிடுகிறது. பூஸ்டர் வாங்கினால் சரியாகுமா? - வாசகர், முத்தையாபுரம்

பூஸ்டர் வேண்டாம், அது இரண்டு நிலையங்களையும் சேர்த்தே பெரிதாக்கும். உங்கள் ரேடியோவில் பழுதில்லை. மன்னார் வளைகுடாவின் ஈரக்காற்றுக்கு மேலே நிலத்தின் சூடான, உலர்ந்த காற்று படியும்போது, வழக்கமாக வானத்துக்குத் தப்பிப்போகும் எஃப்.எம். அலைகள் வளைந்து கடல்பரப்பை ஒட்டியே வெகுதூரம் வந்துவிடும். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் மோதினால், எஃப்.எம். ரேடியோ வலுவானதை மட்டும் பிடித்து மற்றதை அமுக்கிவிடும். அதனால்தான் பாட்டு நடுவிலேயே ஊர் மாறுகிறது.

எல்.இ.டி. பல்பு, மொபைல் சார்ஜர் காரணமாக இருக்காதா என்பீர்கள். அவை தருவது வெறும் இரைச்சல். தெளிவான பேச்சைத் தராது. ஆகவே ஏரியலை முழுதும் இழுத்து, படுக்கைவாட்டில் வைத்து, நுனியைக் கிழக்கே கடலைப் பார்க்கத் திருப்புங்கள். நுனி காட்டும் திசையிலிருந்து ஏரியல் மிகக் குறைவாகவே வாங்கும்; வடக்கே தூத்துக்குடியிலிருந்து வருவது பக்கவாட்டில் நன்றாக விழும். சுவரும் கம்பிகளும் அலையைத் திருப்பிவிடும் என்பதால், குரல் தெளியும்வரை மெல்ல மெல்லத் திருப்பிப் பாருங்கள். ரேடியோவை வடக்குச் சன்னலோரம் வைத்தால் இன்னும் நல்லது. சில இரவுகளில் இதையும் மீறி இலங்கை வரும். காற்று கலைந்தால் போய்விடும்.