பூட்டிய கதவும் ஸ்குவிடும்

கேள்வி: எங்கள் அலுவலக ஸ்குவிட் கேஷ் சர்வர் வழியாக, செயலிழந்த தளம் ஒன்றைத் திறந்தால் பிழைச்செய்தி வரவே சில நிமிடங்கள் ஆகின்றன. எதை மாற்றுவது?

பதில்: இணைப்பு அழைப்புக்கு மறுமொழி வரும்வரை ஸ்குவிட் காத்திருக்கும் நேரமாகிய ‘கனெக்ட் டைம்அவுட்’ இயல்பாக 1 நிமிடம் என்றிருப்பதாலும், ஒரு முகவரி பதிலளிக்காதபோது அத்தளத்தின் அடுத்த ஐ.பி. முகவரியை அது நாடுவதாலும், இம்முயற்சிகள் அனைத்துக்குமான மொத்த வரம்பாகிய ‘ஃபார்வர்ட் டைம்அவுட்’ 4 நிமிடம் என்பதாலும் காத்திருப்பு நீள்கிறது. முன்னதை 10 வினாடியாகவும் பின்னதை 30 வினாடியாகவும் குறைத்து, ‘ஸ்குவிட் -கே ரீகான்ஃபிகர்’ என்னும் ஆணையை இட்டால் போதும். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஒரே இணைப்பை மீண்டும் முயலும் எண்ணிக்கையாகிய ‘கனெக்ட் ரீட்ரைஸ்’ இயல்பில் 0 என்றே உள்ளது; அதை உயர்த்தினால் தாமதமே பெருகும். ஆளில்லாத வீட்டின் கதவைப் பத்து முறை தட்டுவதால் பயனில்லை.