மாம்பழத் தோலும் மருந்துத் தொழிலும்

சித்தூர் நகருக்கு அண்மையில், பாகுதா ஆற்றங்கரையில் அமைந்த காணிப்பாக்கம் விநாயகர் கோயிலால் புகழ் பெற்ற ஊராகும். அது அமைந்துள்ள சித்தூர் மாவட்டமோ மாஞ்சாகுபடிக்கும் பழக்கூழ் ஆலைகளுக்கும் பெயர் பெற்றது. தோத்தாபுரி எனப்படும் கிளிமூக்கு மாம்பழமே இவ்வாலைகளின் முதன்மையான மூலப்பொருள். ஆலைகள் தரும் விலையை நம்பியே உழவர் வாழ்கின்றனர். 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை வீழ்ந்தபோது, கிலோவுக்கு 4 ரூபாய் வீதம் ஆந்திர அரசு உதவித்தொகை அளிக்க வேண்டியதாயிற்று.

பழத்தின் எடையில் தோல் மட்டும் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடாகும். பருவ காலத்தில் குவியும் இத்தோல் விரைவில் அழுகிவிடும். ஆயினும், மருந்துத் தொழிலுக்குப் பயன்படும் பெக்டின் இதில் அடங்கியுள்ளது.

பெக்டினின் இயல்பு

பெக்டின் ஒரு பாலிசாக்கரைடு. அதாவது, சர்க்கரை இன மூலக்கூறுகள் பல சங்கிலியாய் இணைந்த இயற்கைப் பொருள். தாவரச் செல்களின் சுவர்களில் இது காணப்படுகிறது. 1825-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிராக்கொனோ இதனைக் குறித்து விளக்கினார். பழப்பாகு உறைவதற்கும் இதுவே காரணம்.

மருந்தைச் சுமக்கும் முறை

மாத்திரையில் உள்ள மருந்து உரிய இடத்தில் வெளிப்படுதல் வேண்டும். பெருங்குடல் அழற்சிக்கான மருந்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிட்டால், நோயுற்ற இடத்திற்குச் சேர்வது குறைந்துவிடும். மனிதனின் செரிமான நொதிகள் பெக்டினைச் சிதைப்பதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியங்களே சிதைக்கின்றன. ஆகவே, பெக்டினுள் பொதித்த மருந்தைப் பெருங்குடல் வரை கொண்டு செல்ல இயலும்.

ஆயினும் பெக்டின் நீரில் ஊறிக் கரைவதால், மருந்து வழியிலேயே கசியக்கூடும். இதனைத் தடுக்க, மெத்தாக்சில் அளவு குறைந்த பெக்டினைக் கால்சியத்துடன் பிணைக்கின்றனர். கால்சியம் குளோரைடு கரைசலில் துளித்துளியாக விடப்படும் பெக்டின், சிறு மணிகளாக உறைகிறது. மணிகளின் மீது கூடுதல் பூச்சு இடுவதும் உண்டு.

தரமே அடிப்படை

வெந்நீரில் இட்டு உலர்த்திய தோலை, நீர்த்த அமிலத்தில் சூடேற்றி வடிகட்டி, ஆல்கஹால் சேர்த்தால் பெக்டின் திரிந்து பிரியும். முறை எளிது, மருந்துக்கேற்ற தரம் பெறுவதே அரிது. பழத்தின் இரகம், கனிந்த நிலை, தோல் தேங்கிக் கிடந்த நேரம் ஆகியவற்றுக்கேற்பப் பெக்டினின் தன்மை மாறும். அழுகத் தொடங்கிய தோலில் நொதிகளே அதனைச் சிதைத்துவிடும். பூச்சிமருந்து எச்சம், கன உலோகம், நுண்ணுயிர் ஆகியவற்றின் அளவும் வரம்புக்குள் இருத்தல் வேண்டும். வணிகப் பெக்டின் இன்றும் பெரும்பாலும் எலுமிச்சை இனத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்துமே பெறப்படுகிறது என்பதை மறத்தலாகாது.

செய்யத்தக்கவை

ஆகவே, முதற்பணி ஆய்வுக்கூடத்தில் அன்று, ஆலை வாயிலில் தொடங்குகிறது. தோலை அன்றன்றே பிரித்து உலர்த்தும் வசதியைக் கூட்டுறவு முறையில் அமைக்கலாம். 1954-இல் நிறுவப்பெற்ற திருவேங்கடவன் பல்கலைக்கழகம் போன்ற திருப்பதியின் கல்வி நிறுவனங்கள் தரச் சோதனையில் துணைநிற்கலாம். தோலுக்கும் ஒரு விலை கிடைத்து, அதில் உரிய பங்கு உழவரைச் சேருமாயின், கழிவு குறையும்; விலை வீழும் ஆண்டுகளில் ஓரளவு பற்றுக்கோடும் கிட்டும்.