பீற்றூட்டின் செந்நிறம்

குரோய்டன் கடைகளில் இனிப்பு வாங்குகையில் பளிச்சென்ற நிறத்தையே நாம் நாடுகின்றோம். செயற்கை நிறங்கள் சிலவும் சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானம் சிறுவரின் அமைதியின்மையைக் கூட்டக்கூடுமெனச் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வொன்று 2007இல் காட்டியது. ஆய்வுக்குட்பட்ட ஆறு நிறங்களுக்கும் 2010 யூலை முதல் இந்நாட்டில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று.

மரக்கறியிலிருந்து பெறும் நிறங்களோ எளிதில் மங்குவன. பீற்றூட்டின் செந்நிறப் பொருளாகிய பீற்றனின் வெப்பம், ஒளி, காற்று ஆகியவற்றாற் சிதையும். குளிரிலும் இருளிலும் சற்றுப் புளிப்பிலும் கூடுதலாக நிலைக்கும். மஞ்சளின் குர்க்குமினும் வெயிலில் வெளிறும்.

மாணவர்களே! பீற்றூட் சாற்றை இரு போத்தல்களில் இட்டு, ஒன்றை யன்னலோரத்திலும் மற்றையதைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்து, மூன்றாம் நாள் ஒப்பிட்டு நோக்குங்கள், அருந்தாதீர்கள்.

பெற்றோர்களே! நிறம் மங்கியதென்று மட்டும் ஒரு பண்டத்தை ஒதுக்காதிருப்போம். உறையை வாசித்தே வாங்குவோம்.