இடது கைக்கு எந்த மடக்குக் கத்தி?

கேள்வி: நான் இடது கைக்காரன். பழம் நறுக்க, பார்சல் பிரிக்க எப்போதும் பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: முதலில் பூட்டைப் பாருங்கள். விரித்த அலகைப் பிடித்து நிறுத்த, கைப்பிடிக்குள் பக்கவாட்டில் ஒரு தகடு வந்து அடைத்துக்கொள்ளும் வகைதான் கடைகளில் அதிகம். அதை வலது கைக் கட்டைவிரல் சுலபமாகத் தள்ளிவிடும். இடது கையில் பிடித்தால் ஆள்காட்டி விரலை வளைத்துத்தான் தள்ள வேண்டும்; விரல் அலகின் பாதைக்கு அருகே போகும். பழகிவிடும் என்பார்கள். பழகும்வரை வெட்டுப்படுவது யார்?

கைப்பிடியின் முதுகில் அழுத்தும் பூட்டு இரு கைக்கும் ஒன்றுதான். இரு பக்கமும் குமிழ் உள்ள குறுக்குக் கம்பிப் பூட்டும் அப்படியே.

அடுத்து, திறக்கும் வசதி. சுவிஸ் கத்திகளில் நகத்தால் இழுக்கும் பள்ளம் பெரும்பாலும் வலது கைக்காரருக்கு வாகான பக்கத்தில்தான் இருக்கும். அலகின் இருபுறமும் குமிழோ, ஊடுருவிய துளையோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

சிக்கனமாக வேண்டுமென்றால் பிரான்சின் ஒப்பினெல். 1890இல் தொடங்கிய மரக்கைப்பிடிக் கத்தி. 1955இல் சுழல் வளையப் பூட்டு சேர்ந்தது. வளையத்துக்கு இடம் வலம் கிடையாது. எட்டாம் எண் போதும், அலகு 8.5 சென்டிமீட்டர்.

ரம்பப் பல் அலகு வேண்டாம். பல்லை ஒரு பக்கம் மட்டுமே தீட்டியிருப்பார்கள், உங்கள் கைக்கு வெட்டு கோணும். சட்டைப்பை கிளிப்பை மறுபக்கம் மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிபோய்விடும்.