ரெக்கையில் தோல்தான் விஷயமே

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகனுக்கு பஃபலோ விங்ஸ் என்றால் உயிர். ஹோட்டல் விலை கட்டுப்படியாகாததால் வீட்டிலேயே செய்துகொடுக்கலாம் என்று கோழிக்கடையில் ரெக்கை மட்டும் ஒரு கிலோ வாங்கினேன். சிக்கன் 65-க்குச் செய்வதுபோல தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஓடிஜியில் 180 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். தட்டு முழுக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டது. சில துண்டுகளில் தோலே இல்லை. இருந்த தோலும் ரப்பர் மாதிரி இழுத்தது. எலும்போரம் சிவப்பாகத் தெரிந்ததால் வேகவில்லையோ என்று பயந்து மறுபடி வைத்தேன், சதை வறண்டதுதான் மிச்சம். சாஸில் வெண்ணெய் தனியாக மிதந்தது. பேக்கிங் பவுடர் தடவினால் மொறுமொறுப்பாகும் என்று தோழி சொன்னாள். வீட்டில் ஆப்ப சோடாதான் இருக்கிறது, அதைப் போடலாமா? இல்லை, எண்ணெயில் பொரித்தால்தான் சரிவருமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஆப்ப சோடாவை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எண்ணெய் கட்டாயமில்லை, உங்கள் ஓடிஜியிலேயே அருமையாக வரும்.

கோழியின் மற்ற பாகங்களில் சதையை மனதில் வைத்துச் சமைக்கிறோம். ரெக்கையில் சதை கொஞ்சம், தோல்தான் அதிகம். அந்தத் தோலில் பாதிக்கு மேல் தண்ணீர், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. தண்ணீர் வெளியேறும்வரை தோலின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டி 140 டிகிரி பக்கம் போனால்தான் நன்றாகச் சிவக்கும், முறுகும். நீங்கள் தயிரும் எலுமிச்சைச் சாறும் தடவி, ஏற்கெனவே ஈரமான தோலின் மேல் இன்னும் ஈரத்தை ஏற்றிவிட்டீர்கள். ஓவன் கொடுத்த சூடெல்லாம் அந்தத் தண்ணீரைக் காய்ச்சவே சரியாகப் போய்விட்டது. தோல் அவிந்ததே தவிர வறுபடவில்லை.

தந்தூரி சிக்கனுக்குத் தயிர்தானே போடுகிறார்கள் என்று கேட்கலாம். அங்கே தோலை உரித்துவிட்டுத்தான் மசாலா பூசுகிறார்கள். தந்தூர் அடுப்பின் சூடும் 400 டிகிரியை எட்டும். வீட்டு ஓடிஜியில் அந்தக் கணக்கு செல்லாது.

பஃபலோ விங்ஸ் பிறந்த கதையும் தோலைத்தான் காட்டுகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற விடுதி இருக்கிறது. அதை நடத்திய குடும்பத்தின் தெரேசா பெல்லிசிமோ 1964-இல் இதைச் செய்ததாகச் சொல்வார்கள். அதுவரை சூப்புக்குப் போய்க்கொண்டிருந்த ரெக்கையை மாவு எதுவும் பூசாமல் அப்படியே எண்ணெயில் பொரித்து, மிளகாய் சாஸிலும் வெண்ணெயிலும் புரட்டிக் கொடுத்தார். அதே ஊரில் ஜான் யங் என்ற கறுப்பினச் சமையல்காரர் ரெக்கையை முழுசாக மாவு பூசிப் பொரித்து, மம்போ சாஸோடு விற்றார். தானே முன்னோடி என்று கடைசிவரை சொல்லிவந்தார். அவருக்கு உரிய பெயர் போதிய அளவு கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். உங்கள் மகன் கேட்பது தெரேசாவின் வகை. மாவு இல்லை என்பதால் மொறுமொறுப்பு முழுக்கத் தோலிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

ஆகவே பாதி வேலை கடையிலேயே முடிந்துவிடுகிறது. நம் ஊர்க் கோழிக்கடைகள் பலவற்றில், கேட்காவிட்டால் தோலை இறகோடு சேர்த்து உரித்துவிடுவார்கள். அவர்களுக்கு அதுதான் சுலபம். தோல் வேண்டுமென்றால் கோழியை வெந்நீரில் முக்கி, மெஷினில் போட்டு இறகு எடுக்க வேண்டும். அதனால் காலையிலேயே போய், “அண்ணா, ரெக்கை மட்டும், தோலோட வேணும்” என்று சொல்லிவையுங்கள். தோலில்லாத ரெக்கைதான் கிடைத்தது என்றால் அன்றைக்கு பஃபலோ விங்ஸ் ஆசையை விட்டுவிடுங்கள். சோள மாவும் அரிசி மாவும் பூசிப் பொரித்துவிடலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

கழுவும் விஷயம் ஒன்று. பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. குழாயடியில் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் சிங்க், மேடை என்று எல்லா இடத்துக்கும் போகும், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் நம் கடையில் வெட்டி வாங்குவதில் இறகு முளையும் எலும்புத் தூளும் ஒட்டியிருக்கும், கழுவாமல் முடியாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து, அதற்குள்ளேயே மெதுவாக அலசுங்கள். குழாயைத் திறந்துவிட்டு அடியில் காட்ட வேண்டாம். முடிந்ததும் சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

முழு ரெக்கையாக இருந்தால் மூன்றாகப் பிரியுங்கள். மூட்டை மடக்கி விரலால் அழுத்தினால் இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே கத்தியை வைத்தால் எலும்பு நொறுங்காமல் இறங்கிவிடும். லாலிபாப் செய்யும் துண்டு ஒன்று, இரட்டை எலும்பு உள்ள நடுத்துண்டு ஒன்று, நுனி ஒன்று. நுனியைத் தூக்கிப் போடாதீர்கள். மிளகு, பூண்டு, மஞ்சள்தூளோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் ஆறியதும் ஜெல்லி மாதிரி உறையும் சூப் கிடைக்கும்.

இனி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், இதில் அவசரமே கூடாது. டிஷ்யூ பேப்பரில் மேலாகத் துடைத்தால் போதாது. இரண்டு பக்கத் தோலும் மடிந்து கிடக்கும் இடுக்கை விரித்துப் பாருங்கள், அதில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும். அந்த இடுக்கையும் ஒற்றுங்கள். பிறகு ஒரு கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒன்றரை டீஸ்பூன் தூளுப்பு, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள் என்று உலர்ந்த பொருளாகவே தூவிப் பிசிறுங்கள். கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, அடியில் ஒரு தட்டு வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். சமைத்த பண்டமோ பாலோ அதற்குக் கீழே இருக்கக் கூடாது. காலையில் தொட்டால் ஈரம் கையில் ஒட்டாது. தோல் இறுகி, லேசாக மஞ்சளித்து, அடியில் இருக்கும் சதையின் நிறம் மங்கலாகத் தெரியும். அந்தப் பதம் வந்துவிட்டால் மொறுமொறுப்புக்கு நான் பொறுப்பு.

ஆப்ப சோடா விஷயம் இதுதான். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதைச் சமன்செய்யும் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அதனால் காரத்தன்மை சிறிதளவே கூடும். தோல் சீக்கிரம் சிவக்க அந்த அளவு போதும். கூடவே கிளம்பும் வாயு பொடிப்பொடிக் கொப்புளமாக மேலே எழும்பி, தோலைக் கடிக்க நொறுங்கும்படி ஆக்கும். ஆப்ப சோடா வெறும் சோடா. அதே அளவு போட்டால் சோப்பு வாடையும் கசப்பும் வந்து ஒரு கிலோ கறியும் வீண். பேக்கிங் பவுடர் இல்லையென்றால் உப்பு மட்டும் தடவிக் காயவையுங்கள். நிறம் கொஞ்சம் குறையும், மற்றபடி குறை தெரியாது.

ஓடிஜியை 220 டிகிரியில் கால் மணி நேரம் முன்சூடு செய்யுங்கள், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். கம்பித் தட்டின் மேல்தான் ரெக்கை இருக்க வேண்டும். வெறும் தட்டில் வைத்தால் சொந்தக் கொழுப்பிலேயே அடிப்பக்கம் ஊறிப்போகும். சிறிய ஓடிஜியில் ஒரு கிலோவையும் ஒரே தடவையில் திணிக்காமல் இரண்டு ஈடாக வையுங்கள். 25 நிமிடம் கழித்துத் திருப்பிப்போட்டு, மேலும் 20 நிமிடம். ஏர் ஃப்ரையர் என்றால் 200 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம், நடுவில் இரண்டு தடவை குலுக்கிவிட்டால் போதும்.

இவ்வளவு நேரம் வைத்தால் சதை வறண்டுவிடாதா என்று தோன்றும். நெஞ்சுக்கறியாக இருந்தால் வறண்டுவிடும். ரெக்கையில் சவ்வும் கொழுப்பும் அதிகம் என்பதால் அது தாங்கும். கோழிக்கறி பாதுகாப்பாக வெந்ததற்கு அடையாளம் உள்ளே 74 டிகிரி. ஆனால் ரெக்கை 85, 90 டிகிரிவரை போனால்தான் சவ்வு கரைந்து, சதை எலும்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். உங்களுக்கு வறண்டதற்குக் காரணம், ஆறிய துண்டை மறுபடி சூடாக்கியதுதான். எலும்போரச் சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பிராய்லர் கோழி ஆறு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடுகிறது, எலும்பு முழுசாக இறுகியிருக்காது. மஜ்ஜையின் நிறம் அதன் வழியே கசிந்து சதையில் ஏறும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. ஃபிரீசரில் இருந்த கறியில் இன்னும் கூடுதலாகத் தெரியும். நிறத்தை நம்பாதீர்கள். 500, 600 ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, லாலிபாப் துண்டின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். அது இல்லையென்றால் நடுத்துண்டின் ஒரு எலும்பைப் பிடித்துத் திருகுங்கள். சுலபமாகச் சுழன்றால் வெந்துவிட்டது.

பொரிக்கவே ஆசையிருந்தால் இரண்டு முறையாகப் பொரியுங்கள். பேக்கிங் பவுடர் வேண்டாம், உப்பும் காயவைப்பதும் போதும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். கடலை எண்ணெய் நல்லது. முதல் தடவை மிதமான சூட்டில், அதாவது 160 டிகிரியில், பத்து நிமிடம். போட்டதும் பெரிய பெரிய குமிழாகக் கிளம்பி ஓவென்று சத்தம் போடும். போகப் போகக் குமிழ் சிறுத்துச் சத்தம் அடங்கும். தண்ணீர் குறைந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். ஜல்லிக் கரண்டியில் எடுத்துக் கம்பித் தட்டில் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் அந்த நேரத்தில் தோலுக்கு வந்துசேரும். பிறகு எண்ணெயை 190 டிகிரிக்குக் காயவைத்து இரண்டு மூன்று நிமிடம் போட்டால் நிறமும் முறுகலும் ஒன்றாக வந்துவிடும். எத்தனை பேர் வந்தாலும் முதல் பொரிப்பை முன்பே முடித்து வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு சௌகரியம்.

சாஸுக்கு வருகிறேன். பஃபலோக்காரர்கள் ஃபிராங்க்ஸ் ரெட்ஹாட் என்ற பாட்டில் சாஸைத்தான் பெரும்பாலும் நம்புகிறார்கள். ஊறிப் பதமான கெயென் மிளகாயும் வினிகரும் பூண்டும் உப்பும்தான் அதில் இருப்பது. அது கிடைக்காவிட்டால் விதை நீக்கிய 15 காஷ்மீரி மிளகாயைக் கால் கப் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடும் கால் கப் வினிகர், நான்கு பல் பூண்டு, கொஞ்சம் உப்போடும் மைய அரைத்து வடிகட்டி, ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். காரம் போதாதவர்கள் இரண்டு குண்டு மிளகாய் சேர்க்கலாம். புளிப்புதான் தூக்கலாக இருக்க வேண்டும். சர்க்கரையோ தக்காளி சாஸோ சேர்த்தால் ருசி வேறு பக்கம் போய்விடும்.

வெண்ணெய் பிரிந்ததற்குக் காரணம், சாஸ் கொதிக்கும்போதே அதைப் போட்டிருப்பீர்கள். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 60 கிராம் வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு விடாமல் அடியுங்கள். சாஸ் கெட்டியாகிப் பளபளப்பு வரும். நெய் ஊற்றிப் பார்க்காதீர்கள். வெண்ணெயில் இருக்கும் பால்சத்துதான் சாஸோடு கலக்க உதவுகிறது, நெய்யில் அது இல்லை. கடையில் வாங்கும் வெண்ணெயில் உப்பு சேர்த்திருந்தால் சாஸில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

தொட்டுக்கொள்ள அங்கே புளூ சீஸ் டிப்பும் செலரித் தண்டும் வைப்பார்கள். வடிகட்டிய கெட்டித் தயிரில் நசுக்கிய பூண்டும் மிளகுத்தூளும் கலந்து, வெள்ளரித் துண்டோடு வைத்தால் அந்தக் குளிர்ச்சி கிடைத்துவிடும்.

சாஸில் புரட்டிய ரெக்கை பத்து நிமிடத்தில் நமத்துப்போகும், அதனால் எல்லாரும் தட்டெடுத்து உட்கார்ந்த பிறகு புரட்டுங்கள். மிஞ்சும் என்று தெரிந்தால் அந்த அளவை சாஸ் படாமல் தனியே எடுத்து, ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் 200 டிகிரியில் பத்து நிமிடம் காட்டினால் மறுபடி முறுகும். மைக்ரோவேவில் மட்டும் சூடாக்க வேண்டாம், தோல் திரும்ப ரப்பராகிவிடும்.