காணாத மீனை எண்ணுவது எப்படி?

பெரட்டுக்களத்தில் நம்மை எண்ணுவது சுலபம். பெயரைக் கூப்பிட்டால் குரல் கொடுப்போம், செக்ரோலில் ஏறிவிடும். மட்டக்களப்பு வாவி மீன் பெரட்டுக்கு வருமா? வராது. ஆனாலும் அங்கே எவ்வளவு மீன் இருக்கு என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் அள்ளினால் குஞ்சும் போய்விடும்; பிறகு மீனவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

இந்தக் கணக்கைக் கற்றுத் தருவது சூழலியல் புள்ளிவிபரவியல். பெயர்தான் பெரிசு, அடிப்படை நம்ம பிள்ளைகள் படிக்கும் பின்னக் கணக்கு.

வாவியின் ஒரு மூலையில் 100 மீன் பிடித்து, அடையாளமிட்டு, உயிரோடு விடுகிறோம் என்று வைப்போம். அவை மற்ற மீன்களோடு கலந்தபின் மறுபடி வலை போடுகிறோம். 80 மீன் கிடைக்கிறது. அதில் 4 மீனில் அடையாளம். அதாவது 20க்கு ஒன்று. அப்படியானால் நாம் விட்ட 100 மீனும் மொத்தத்தில் 20இல் ஒரு பங்கு. மொத்தம் சுமார் 2,000.

டென்மார்க் நாட்டுப் பீட்டர்சன் 1890களில் மீன்களுக்கு அடையாளம் கட்டி ஆராய்ந்தார். அமெரிக்காவில் லிங்கன் 1930இல் வாத்துகளின் தொகையை இப்படிக் கணித்தார். இருவர் பெயரும் இம்முறைக்கு உண்டு.

ஆய்வுக்குப் புதிதாக வரும் இளைஞர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அடையாளத்தில் பாதி கழன்று விழுந்தால் 4க்குப் பதில் 2தான் அகப்படும். கணக்கு 4,000 என்று காட்டும். மாரியில் முகத்துவாரம் திறந்து, அடையாளமிட்ட மீன் கடலுக்குப் போய்ப் புது மீன் உள்ளே வந்தாலும் கணக்கு ஏறிவிடும். இல்லாத மீனை இருக்கு என்று நம்பிப் பிடித்தால் நட்டம் யாருக்கு? அதனால் ‘சுமார்’ என்று சொன்னால் போதாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்றும் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்து பாருங்கள். ஒரு டின்னில் காய்ந்த போஞ்சி விதை போடுங்கள். 50 விதையில் பேனையால் புள்ளி வைத்துக் கலக்குங்கள். கண்ணை மூடி 40 எடுங்கள். 50ஐ 40ஆல் பெருக்கி, கையில் வந்த புள்ளி விதைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். எடுத்ததைத் திரும்பப் போட்டு, மூன்று தடவை செய்யுங்கள். மூன்று விடையும் வேறு வேறாக வரலாம், பயப்பட வேண்டாம். கடைசியில் எல்லாவற்றையும் எண்ணி ஒப்பிடுங்கள்.

1986இல் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் கணிதமும் கற்பிக்கிறார்கள். பெற்றோரே, கணக்கில் ஆசையுள்ள பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.